80 போட்டும் 100 இல் நின்ற பற்றரி: கொக்குவில் மடிக்கணினி ஒன்றின் ஆய்வு

2024 ஒக்டோபர், மாரிமழை தொடங்கியிருந்த ஒரு பின்னேரம். கொக்குவிலில் இருக்கும் ஓர் அக்கா தன் மடிக்கணினியைப் பொலித்தீன் பையால் சுற்றி எடுத்துக்கொண்டு வந்தார். வீட்டிலிருந்தே பக்க வடிவமைப்புச் செய்பவர். கோயில் மலர், பள்ளிக்கூட ஆண்டு மலர் என்று வேலை வரும். அவற்றை விட அதிகம் வருவது கல்வெட்டு. செத்தவீட்டின் 31ஆம் நாளில் கொடுக்கும் நினைவு மலரை யாழ்ப்பாணத்தில் அப்படித்தான் சொல்வோம். அந்த வேலைக்குத் தவணை கேட்க முடியாது. அச்சகத்துக்குக் கோப்பு போகவேண்டிய இரவில் மடிக்கணினி அணைந்தால், அடுத்த நாள் வீட்டுக்காரருக்குச் சொல்ல எந்தச் சாட்டும் இல்லை.

கணினியில் இருந்தது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளம். வேலை ஸ்கிரைபஸ் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளிலும் லிப்ரே ஒபிஸிலும். அக்கா சொன்னதை அப்படியே தருகிறேன்.

"தம்பி, எந்த நேரமும் நூறு எண்டுதான் காட்டுது. கரண்ட் போனால் ஒரு மணித்தியாலம் கொஞ்சம் தாண்டினவுடன நிண்டுபோகுது. முப்பதுக்கு மேல இருக்கேக்கையே நிக்குது. பெறாமகன் கனடா போக முதல் எண்பதோ என்னவோ போட்டுத் தந்தவன், இனிப் பற்றரி பழுதாகாது எண்டும் சொன்னவன்."

பெறாமகன் போட்ட எண்பது என்பது, 80 வீதத்தோடு சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் எல்லை. இந்த நாலு வசனத்துக்குள் மூன்று தனித்தனிக் கோளாறுகள் இருந்தன. அவற்றைப் பிரித்தெடுக்க எனக்கு மூன்று கிழமை போனது.

முதல் அளவீடு

லினக்ஸில் பற்றரி பற்றிய விவரங்களை, இயங்குதளத்தின் கருவான கெர்னல் கோப்புகளாகவே திறந்து வைத்திருக்கும். 'சிஸ்' அடைவுக்குள் 'கிளாஸ்', அதற்குள் 'பவர் சப்ளை', அதற்குள் 'பேட்0' அல்லது 'பேட்1'. உள்ளே இருக்கும் கோப்புகளின் பெயர்களில் சொற்கள் அடிக்கோட்டால் இணைந்திருக்கும். அவற்றில் நான் முதலில் பார்ப்பவை மூன்று. 'எனர்ஜி ஃபுல் டிசைன்' என்பது பற்றரி புதிதாக இருந்தபோது கொள்ளவேண்டிய அளவு. 'எனர்ஜி ஃபுல்' இன்றைக்கு அது உண்மையில் கொள்ளும் அளவு. 'சைக்கிள் கவுண்ட்' இதுவரை ஓடிய சார்ஜ் சுழற்சிகள். முதல் இரண்டும் மைக்ரோ வாட் மணியில் இருக்கும், பத்து லட்சத்தால் வகுத்தால் வாட் மணி வரும். சில மடிக்கணினிகளில் 'எனர்ஜி' இருக்கும் இடத்தில் 'சார்ஜ்' என்று இருக்கும். அங்கே அலகு மைக்ரோ அம்பியர் மணி.

அக்காவின் பற்றரிக்கு வடிவமைப்பு அளவு 42 வாட் மணி. இப்போது கொள்வது 25.6. அதாவது 61 வீதம். திரையில் தெரிந்த நூறு இந்த 25.6 இன் நூறுதான். ஐகனில் வரும் வீதம் எப்போதும் இன்றைய கொள்ளளவுக்கே கணக்கிடப்படுகிறது. பற்றரி எவ்வளவு தேய்ந்தாலும் நூறு நூறாகவே தெரியும்.

வந்த நேரத்தில் என் ஊகம் வேறாக இருந்தது. இங்கே கரண்ட் போய்ப் போய் வருவதால் சுழற்சிகள் கூடி, பற்றரி உழைத்தே தேய்ந்திருக்கும் என்று நினைத்தேன். சுழற்சிக் கணக்கைப் பார்த்தால் 164. இரண்டரை வருடத்துக்கு மேல் பாவித்த மடிக்கணினிக்கு இது சொற்பம். சாதாரண லிதியம் அயன் பற்றரி 300 முதல் 500 முழுச் சுழற்சி வரை ஓடிய பிறகுதான் 80 வீதத்துக்கு இறங்கும் என்று பொதுவாகக் கணக்கு வைப்பார்கள். 164 சுழற்சியில் 39 வீதத்தை இழந்த பற்றரி உழைத்துத் தேய்ந்ததல்ல. சும்மா இருந்தே தேய்ந்தது. (பல மடிக்கணினிகள் சுழற்சிக் கணக்கைக் கொடுப்பதில்லை, கோப்பில் பூச்சியம் நிற்கும். அதைப் பார்த்து ஒருமுறையும் பாவிக்காத பற்றரி என்று எண்ணக்கூடாது.)

சும்மா இருந்து தேய்வது

லிதியம் அயன் கலம் ஒன்று முழுதாக நிறையும்போது 4.2 வோல்டில் நிற்கும். 80 வீதத்தில் ஏறத்தாழ 4.0. வித்தியாசம் சிறிதாகத் தெரியும். உள்ளே நடப்பது பெரிது. உயர் மின்னழுத்தத்தில் நேர்மின்வாய்ப் பக்கத்தில் மின்பகுபொருள் சிதைகிறது. எதிர்மின்வாயில் படலம் தடித்து, ஓடித்திரியவேண்டிய லிதியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. வெப்பம் இரண்டையும் விரைவாக்கும்.

எண்ணில் சொன்னால்தான் இது உறைக்கும். கெடெக்ஸ் நிறுவனம் நடத்தும் பேட்டரி யுனிவர்சிட்டி தரும் அட்டவணைப்படி, 40 வீதச் சார்ஜில் 25 பாகை செல்சியஸில் ஒரு வருடம் வைத்த பற்றரியில் 96 வீதக் கொள்ளளவு மிஞ்சும். அதே வெப்பநிலையில் முழுச் சார்ஜில் வைத்தால் 80. வெப்பநிலை 40 பாகை ஆனால் 40 வீதச் சார்ஜில் 85, முழுச் சார்ஜில் 65. ஒருவரும் தொடாமல் அலுமாரிக்குள் வைத்த பற்றரிக்கே இந்தக் கதி.

இனி அக்காவின் மேசையைப் பாருங்கள். மேலே சீற் போட்ட முன்னறை. சித்திரை, வைகாசியில் மத்தியானம் அந்த அறைக்குள் இருக்க ஏலாது, அவர் இருந்து வேலை செய்கிறார். மடிக்கணினியின் அடிவயிறு அறையை விடச் சூடு. சார்ஜர் கழற்றப்படுவதே இல்லை. 40 பாகை, முழுச் சார்ஜ் என்ற அந்தக் கடைசிக் கட்டத்தில் பற்றரி இரண்டு வருடத்துக்கு மேல் குடியிருந்திருக்கிறது.

ஏன் கழற்றுவதில்லை என்று கேட்டேன். "ரெண்டாயிரத்து இருபத்திரண்டு மறந்துபோச்சோ தம்பி?"

மறக்கவில்லை. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. அந்த மாதங்களில் கரண்ட் வரும் நேரத்தைக் கணக்குப் பார்த்து, கிடைத்த ஒவ்வொரு நிமிடமும் பற்றரியை நிரப்பித்தான் எல்லாரும் பிழைத்தோம். 164 சுழற்சியில் பெரும்பகுதி அந்த ஆண்டில் ஓடியதாகவே இருக்கும். பிறகு நிலைமை திருந்தியது, பழக்கம் மாறவில்லை. நூறு வீதம் என்பது அவருக்கு வீட்டில் அரிசி இருக்கிறது என்பது போன்ற ஆறுதல். இதை அறியாமை என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. அந்தப் பயத்துக்கு நியாயம் இருந்தது. நான் தேடவேண்டியிருந்தது அந்தப் பயத்துக்கும் இடம் கொடுக்கும் ஒரு வழி.

பெறாமகன் போட்ட எண்பது

சார்ஜ் எங்கே நிற்கவேண்டும் என்பதைக் குறிக்கும் கோப்பின் பெயர் 'சார்ஜ் கொன்ட்ரோல் எண்ட் திரெஷோல்ட்'. வாசித்தேன்: 100. எண்பது எங்கே?

டெர்மினலில் முன்பு அடித்த கட்டளைகளின் பட்டியலில் தேடினேன். பெறாமகன் சரியாகவே செய்திருந்தான். எண்ணை வெளியிடும் 'எக்கோ 80' ஐ, கோப்பில் எழுதும் 'டீ' கட்டளைக்குக் கொடுத்து, நிர்வாகி அதிகாரம் தரும் 'சுடோ' வோடு அந்தக் கோப்புக்குள் எழுதியிருந்தான். பலர் இங்கேயே தடுக்கி விழுவார்கள்: 'சுடோ எக்கோ' என்று அடித்து அம்புக்குறியால் கோப்புக்குத் திருப்பினால் அனுமதி மறுக்கப்படும், ஏனென்றால் சுடோவின் அதிகாரம் எக்கோவோடு முடிந்துவிடுகிறது, கோப்பைத் திறப்பது சாதாரணப் பயனரின் ஷெல், அதாவது கட்டளைகளை வாங்கி ஓட்டும் நிரல். அவன் அதைத் தாண்டி, அடுத்த வரியில் கோப்பைத் திரும்ப வாசித்தும் பார்த்திருக்கிறான். 80 என்று வந்திருக்கும். வேலை முடிந்தது என்று நினைத்திருப்பான்.

அன்று பற்றரி 100 இல் இருந்தது என்று அக்கா சொன்னார். எல்லை போட்டால் பற்றரி தானாக 80 க்கு இறங்கும் என்று பலர் எதிர்பார்க்கிறார்கள். பெரும்பாலான மெஷின்களில் இறங்காது. எல்லை என்பது சார்ஜ் ஏறுவதை நிறுத்தும் கோடு மட்டும். ஏற்கெனவே ஏறிய சார்ஜ், சார்ஜரைக் கழற்றிப் பாவிக்கும் வரை அப்படியே கிடக்கும். ஆகவே ஐகன் அன்றும் நூறைக் காட்டியது, அடுத்த நாளும் நூறைக் காட்டியது, ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர்கள் பார்த்தது கோப்பில் எழுதிய எண்ணை. பற்றரி 80 இல் நிற்பதை அந்த வீட்டில் ஒருவரும் ஒருநாளும் காணவில்லை.

அன்றிரவு மடிக்கணினி அணைக்கப்பட்டது. எண்பதும் அதோடு போயிற்று.

எல்லையை எங்கே நினைவில் வைப்பது என்பது மெஷினுக்கு மெஷின் வேறு. திங்க்பேட் போன்றவற்றில் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சிப் அதைப் பிடித்து வைத்திருக்கும். தொடங்கும் வீதம், நிறுத்தும் வீதம் என்று இரண்டு கோப்பும் இருக்கும். 75 இல் தொடங்கி 80 இல் நிறுத்து என்று கொடுக்கலாம், 79 க்கும் 80 க்கும் இடையே சும்மா சும்மா ஏறி இறங்காது. ஐடியாபேட் வகையில் எண்ணே கொடுக்க முடியாது. 'கொன்சர்வேஷன் மோட்' என்ற கோப்பில் 1 அல்லது 0. எங்கே நிறுத்துவது என்பதை மொடலே முடிவு செய்யும், சிலவற்றில் 60, சிலவற்றில் 80. டெல் மடிக்கணினிகள் பலவற்றில் பயோஸுக்குள்ளேயே அமைக்கலாம். அக்காவின் மெஷினில் நிறுத்தும் வீதம் மட்டும்தான் உண்டு, அதுவும் தற்போது என்ன எண் நடைமுறையில் இருக்கிறது என்பதை வன்பொருள் திருப்பிச் சொல்லாது. அதனால் கெர்னல் இயக்கி ஒவ்வொரு தொடக்கத்திலும் 100 என்று எழுதிவிட்டுத்தான் ஆரம்பிக்கிறது. இயக்கியை எழுதியவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது: தெரியாத எண்ணை ஊகிப்பதை விட, தெரிந்த ஓர் எண்ணில் தொடங்குவது நல்லது. ஆனால் பத்து மாதமாக ஒரு வீடு 80 என்று நம்பிக்கொண்டிருந்தது.

போட்டதும், மூன்றாம் நாள் கிடைத்த நூறும்

டிஎல்பி என்ற மின்சேமிப்பு மென்பொருளை நிறுவினால் எல்லையை ஒவ்வொரு தொடக்கத்திலும் அதுவே போட்டுவிடும், நல்ல கருவி. ஆனால் உபுண்டுவில் மின்பாவனையை 'பவர் புரொஃபைல்ஸ் டேமன்' என்ற பின்னணி நிரல் ஏற்கெனவே கவனித்துக்கொண்டிருந்தது. அக்கா அதன் மின்முறை மெனுவைப் பாவிக்கிறவர். ஒரே வேலைக்கு இரண்டு பேரை வைத்தால் ஒருவர் போட்டதை மற்றவர் கலைப்பார். ஆகவே லினக்ஸில் சேவைகளைத் தொடக்கி ஓட்டும் சிஸ்டெம்டிக்கு ஒரு சிறு சேவைக் கோப்பு எழுதினேன். தொடங்கும்போதும் உறக்கத்திலிருந்து எழும்பும்போதும் 80 ஐ எழுதிவிட்டு முடிந்துவிடும். ஏழெட்டு வரிக்கு மேல் இல்லை.

இந்த முறை பற்றரியை 70 க்கு இறக்கி, சார்ஜரைப் போட்டு, பக்கத்திலேயே இருந்தேன். 80 வந்தது, நின்றது. 'ஸ்டேட்டஸ்' கோப்பில் 'நொட் சார்ஜிங்'. மடிக்கணினி சுவரின் மின்சாரத்தில் ஓட, பற்றரி சும்மா இருந்தது. அக்காவுக்கு அந்தச் சொல்லைக் கண்டதும் பயம். "சார்ஜர் பழுதோ?" இல்லை அக்கா, இதுதான் வேணும் என்றேன்.

மூன்றாம் நாள் காலை ஐந்தே முக்காலுக்குத் தொலைபேசி. "தம்பி, திரும்பவும் நூறு."

நேரே கொக்குவிலுக்குப் போனேன். கோப்பை வாசித்தால் 80 என்றே இருந்தது. சேவை ஓடியிருந்தது, பிழைச்செய்தி இல்லை. எழுதிய எண்ணும் சரி, பற்றரியும் நூறு.

யூபவர் என்ற சேவை பற்றரியின் சில நாள் வரலாற்றைக் கோப்பாகச் சேமித்து வைக்கும். பலருக்கு இது தெரியாது. 'வார்', 'லிப்', 'யூபவர்' என்ற அடைவு. 'ஹிஸ்ட்ரி சார்ஜ்' என்று தொடங்கும் கோப்பு. ஒவ்வொரு வரியிலும் நேரம், வீதம், நிலை. அதைத் திறந்ததும் விடை கண்ணுக்கு நேரே இருந்தது. முதல்நாள் இரவு 10.40 க்கு 80. அதன்பின் வரி இல்லை. அடுத்த வரி காலை 5.31, 100. அதற்கு முந்திய இரவும் அப்படியே.

பற்றரி ஏறியது லினக்ஸ் ஓடாத நேரத்தில். அக்கா இரவில் மடிக்கணினியை அணைத்துவிட்டுச் சார்ஜரை அப்படியே விட்டுவிடுவார். அணைந்ததும் இந்த மெஷின் எல்லையை மறந்து, விடிவதற்குள் நூறுக்கு நிரப்பிவிடுகிறது. காலையில் சேவை வந்து 80 எழுதுகிறது, ஏறிய நூறோ இறங்குவதில்லை. மென்பொருளால் இதற்கு நான் ஒன்றும் செய்ய முடியவில்லை. சுவரில் இருக்கும் பிளக்பேஸின் சுவிட்சை இரவில் அணைத்தால் போதும். அன்றிலிருந்து அக்கா அதை சாமி விளக்கு அணைப்பதோடு சேர்த்துச் செய்கிறார்.

முப்பதில் ஏன் நின்றது

தேய்ந்த பற்றரியில் கொள்ளளவு மட்டும் குறைவதில்லை, உள்தடை கூடுகிறது. மூன்று கலம் தொடராக இருக்கும் பொதியில், ஒவ்வொன்றும் 3 வோல்டுக்குக் கிட்ட இறங்கினால், அதாவது 9 வோல்டளவில், பாதுகாப்புச் சுற்று வெட்டிவிடும். 34 வீதத்தில் மெஷின் சும்மா இருக்கும்போது 10.9 வோல்ட். நிறையப் படங்கள் உள்ள கல்வெட்டு ஒன்றைப் பிடிஎஃப் ஆக்கத் தொடங்கியதும் 9.4 க்குச் சரிந்து, அடுத்த கணம் திரை கறுத்தது. எச்சரிக்கை வர நேரமே இல்லை. யூபவர் இயல்பாக 2 வீதத்தில்தான் கடைசி நடவடிக்கை எடுக்கும். அந்த எல்லையை இந்தப் பற்றரிக்கு 40 ஆக்கி வைத்தேன். வேலையைச் சேமித்து ஒழுங்காக அணைய அது போதும்.

இதோடு நான் அதிகம் மினக்கெட்டது 'பவர் நவ்' கோப்போடு. சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பார்த்தால் அந்த நேரம் மெஷின் எத்தனை வாட் குடிக்கிறது என்று சொல்லும். அக்கா வேலை செய்யும்போது 14.2 வாட். திரை முழு வெளிச்சம், மின்முறை 'பெர்ஃபோமன்ஸ்', உலாவியில் எண்ண முடியாத தாவல்கள். 'பலன்ஸ்ட்' ஆக்கி, வெளிச்சத்தைப் பாதிக்குக் கீழே கொண்டுவந்து, தாவல்களை மூடியதும் 9 வாட். பக்க வடிவமைப்பில் வேகம் குறைந்ததாக அவர் உணரவில்லை.

இப்போது அந்தப் பயத்துக்குப் பதில் சொல்லக்கூடிய கணக்கு கையில் இருந்தது. ஒரு கடதாசியில் எழுதிக் காட்டினேன். முன்பு 100 இல் தொடங்கி 34 இல் நின்றது: 16.9 வாட் மணி, 14.2 ஆல் வகுத்தால் 71 நிமிடம். இப்போது 80 இல் தொடங்கி அதே 34 வரை ஓடவிட்டால் 11.8 வாட் மணி, 9 ஆல் வகுத்தால் 78 நிமிடம்; நான் போட்ட 40 இலேயே அணைந்தாலும் 68. எல்லையால் போன நேரத்தை விட, வெளிச்சத்தாலும் தாவலாலும் போய்க்கொண்டிருந்த நேரம் கூட. அக்கா கடதாசியை இரண்டு தரம் பார்த்தார். "அப்ப எண்பதே இருக்கட்டும்" என்றார். எனக்கு அன்று வந்த நிம்மதி சின்னதல்ல.

மின்வெட்டு முன்கூட்டியே அறிவிக்கப்படும் நாளுக்கு 'இண்டைக்கு நூறு' என்று ஒரு பொத்தானைத் திரையில் வைத்துக் கொடுத்தேன். அழுத்தினால் எல்லை 100 ஆகும். திரும்ப 80 ஆக்க ஒன்றும் செய்யத் தேவையில்லை, அடுத்த தடவை மெஷினைப் போடும்போது சேவை அதைச் செய்துவிடும். லினக்ஸின் கேடீஈ என்ற திரைமுகப்பைப் பாவிப்பவர்களுக்கு இந்த எல்லை அமைப்புப் பக்கத்திலேயே இருக்கிறது. 2025 மார்ச்சில் வந்த, உபுண்டு பாவிக்கும் திரைமுகப்பான க்னோமின் 48 ஆம் பதிப்பிலும் பற்றரி ஆயுளைக் காக்கும் தெரிவு வந்துவிட்டது. அந்தச் சுவிட்சுகளும் அடியில் இதே கோப்புகளுக்குத்தான் எண்ணை அனுப்புகின்றன. ஆகவே போட்ட பிறகு ஒருநாள் பற்றரியை 70 க்கு இறக்கி, சார்ஜரைப் போட்டு, 80 இல் நிற்கிறதா என்று கண்ணால் பாருங்கள். ஓர் இரவு அணைத்து வைத்து, காலையிலும் பாருங்கள்.

புதிய பற்றரி

கார்த்திகையில் தொடுபலகையின் ஒரு மூலை மேலே எழும்பியிருப்பதைக் கண்டேன். பொதி வீங்கத் தொடங்கியிருந்தது. இதற்குமேல் எந்த அமைப்பும் உதவாது. வீங்கிய பற்றரியை அமத்திப் பார்ப்பதோ குத்துவதோ தீயில் முடியும். அன்றே கழற்றி, வெளியே சீமெந்துத் தரையில் ஒரு பழைய கிடாரத்துக்குள் தனியாக வைத்தோம். மாற்றுப் பற்றரி யாழ் நகரில் கிடைத்தது. போட்டதும் ஸ்ரிக்கரில் இருந்த எண்ணை நம்பாமல், 100 இலிருந்து 10 வரை இறக்கி, நிமிடத்துக்கு ஒருமுறை வாட்டைப் பதிந்து கூட்டிப் பார்த்தேன். 42 வாட் மணிப் பற்றரிக்கு வரவேண்டிய கணக்கு வந்தது. யூபவரின் 40 ஐ 10 ஆக இறக்கினேன்.

2025 பெப்ரவரி 9, ஞாயிற்றுக்கிழமை. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று பட்டு, முற்பகல் 11 மணிக்குப் பிறகு நாடு முழுவதும் மின்சாரம் போனது. முன்னறிவிப்பு இல்லை, 'இண்டைக்கு நூறு' பொத்தானை அழுத்த நேரமில்லை. அக்காவின் மடிக்கணினி 80 இல் இருந்தது, அவர் மறுநாளைக்கான கல்வெட்டு ஒன்றில் இருந்தார். பின்னேரம் எனக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார்: இரண்டு மணிக்கு வேலை முடிந்தது, அச்சகத்துக்குக் கைபேசி வழியாக அனுப்பியாகிவிட்டது, 26 வீதம் மிச்சம் இருக்க நானே அணைத்தேன். அடுத்த நாள் ஒன்றரை மணித்தியால வெட்டு என்று அறிவித்தார்கள். அதற்குப் பொத்தானை அழுத்தவா வேண்டாமா என்று கேட்டிருந்தார். தேவையில்லை அக்கா, எண்பது காணும் என்று பதில் போட்டேன்.